காரணம் எழுதும் கட்டம்

எங்கள் வீட்டில் யாரும் விடுப்புக் கடிதம் எழுதியதில்லை. முதல் கடிதத்தை என் அறுபத்தேழாவது வயதில் நான் எழுதினேன். வாங்க மாட்டோம் என்றார்கள். வாங்க வைத்தேன். தெருவில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து மேசையைத் தட்டினேன் என்றுகூட ஒரு பேச்சு. எந்த மேசையையும் நான் தட்டவில்லை. மேசை தட்டுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

எங்கள் முன்னறைச் சுவரில் ஏழு சட்டங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதலாவது, கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலை எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ். முப்பத்திரண்டு ஆண்டுகள் அங்கே டைம் கீப்பராக இருந்தேன். வாசலில் ஒரு சின்ன அறை, ஒரு சன்னல், ஒரு பதிவேடு. வந்தவன் எத்தனை மணிக்கு வந்தான், வராதவன் ஏன் வரவில்லை, இரண்டையும் எழுதுவது என் வேலை. ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. தொழிலாளர்கள் எனக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நான் அதை முகத்துக்கு நேராகவே ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த மூன்றும் என் தம்பி பள்ளியில் வாங்கிய முழு வருகைச் சான்றிதழ்கள். அவன் இப்போது லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி, அவன் மனைவி, அவர்களுக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே பெண், இவர்கள்தான் என் குடும்பம். கடைசி மூன்று சட்டங்கள் அந்தப் பெண்ணுடையவை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. அதற்குப் பக்கத்தில் எட்டாவதாக ஓர் ஆணி அடித்திருந்தேன். நான்காம் வகுப்புக்காக, வருடத் தொடக்கத்திலேயே அடித்தது.

அவளுக்கு ஒன்பது வயது. மெலிந்த உடம்பு, குத்துகிற பேச்சு. தெருவே அவளை ஊசி என்றுதான் கூப்பிடும்.

அவள் படிக்கும் பள்ளிக்கு மூன்று மாடி. மூன்றாவது மாடி பிறகு கட்டியது. சுவர் செங்கல், கூரை தகரம். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அங்கே. தரைத்தளத்தில் கல் பாவிய நீண்ட கூடம் ஒன்று உண்டு. உயரமான சன்னல்கள். உள்ளே கோப்பைகளும் நன்கொடையாளர்களின் படங்களும் இருக்கின்றன. நிர்வாகக் குழு கூடும்போது மட்டும் திறப்பார்கள். அது வருடத்துக்கு ஒரு நாள்.

முன்பெல்லாம் வெயில் காலம் என்று ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறையோடு வரும், விடுமுறையோடு போகும். இப்போது அதற்கு விடுமுறை தெரிவதில்லை. இந்த வருடம் இரண்டு மாதம் முன்னதாகவே வந்து, வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. குழாயைத் திறந்தால் முதல் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாது. பொழுது சாய்ந்த பிறகும் சுவர்கள் சுட்டுக்கொண்டே இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஊசி சீருடை போட்டுக்கொண்டு, ஆனால் புத்தகப் பையை எடுக்காமல் நின்றாள்.

"பெரியப்பா, தலை வலிக்குது. இன்னிக்கு வேண்டாமே."

"தலை வலிச்சா காலுக்கென்ன? நடக்கலாம்ல?"

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "மாமா, மூணு நாளா இப்படித்தான் இருக்கா. சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போகுது. ஒரு நாள் வீட்டுல இருக்கட்டுமே."

நான் சுவரைப் பார்த்தேன். "இந்த வீட்டுல..."

"தெரியும் மாமா," என்று சொல்லிவிட்டு, மகளுக்குப் பின்னல் போட உட்கார்ந்தாள்.

நானே அழைத்துக்கொண்டு போனேன். பிடித்திருந்த சின்னக் கை சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வெயில்தான்.

பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி வந்தது. கணக்குப் பாடம் நடக்கும்போது உட்காரும் பலகையிலிருந்து பக்கவாட்டில் சரிந்திருக்கிறாள். வகுப்பு ஆசிரியை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடியிருக்கிறார். நான் மருத்துவமனைக்குப் போனபோது ஊசியின் கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பைகள். கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது.

மருத்துவர் ஓர் இளம்பெண். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"எத்தனை நாளா காய்ச்சல்?" என்று நான்தான் கேட்டேன், எனக்கே தெரிய வேண்டியதை.

"காய்ச்சல் இல்லைங்க. காய்ச்சல்னா உள்ள ஏதாவது கிருமி இருக்கணும். சோதிச்சுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. இந்தச் சூடு வெளியில இருந்து வந்தது. உடம்புல தண்ணியே இல்ல. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கு."

"காலையில நல்லாத்தான் நடந்து வந்தா."

"குழந்தைங்க அப்படித்தான். பெரியவங்கள விட சீக்கிரம் சூடேறிடும், ஆறத் தெரியாது. விழற வரைக்கும் நடந்துகிட்டே இருப்பாங்க." அவர் அட்டையில் ஏதோ எழுதினார். "இந்த வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து இது மூணாவது. தேறிடுவா. ஆனா இன்னொரு தடவை இப்படி விழுந்தா சிறுநீரகம் தாங்காது. திரும்ப அந்த அறைக்கு அனுப்பாதீங்க."

அவளுடைய தண்ணீர்ப் புட்டி பையிலேயே இருந்தது. திறந்து பார்த்தேன். காலையில் அவள் அம்மா நிரப்பியபடி நிரம்பி இருந்தது.

மறுநாள் பேச்சு வந்ததும் ஊசி காரணத்தைச் சொன்னாள். "தண்ணி குடிச்சா கழிவறைக்குப் போகணும். கழிவறை கீழ இருக்கு. ஒருத்தி போயிட்டு வந்தாத்தான் இன்னொருத்தி போகலாம். மூணு மாடி இறங்கி ஏறினா பாதிப் பாடம் போயிடும். அதனால நாங்க நாலு பேரும் தண்ணி குடிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"நாலு பேரா?"

"நாலு பேரும்தான். நான்தான் தலைவி," என்றாள், மருந்து ஏறும் கையைத் தூக்கி.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றே பள்ளியிலிருந்து ஆள் வந்தது: விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், கடிதம் இல்லாமல் பத்து நாள் வராவிட்டால் பெயர் அடிபடும். திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, அலுவலக அறைக்குப் போனேன்.

அலுவலக எழுத்தர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. எங்கோ பார்த்த முகம். அவர் ஒரு சின்ன அச்சிட்ட தாளை என் பக்கம் தள்ளினார்.

"பேர், வகுப்பு, தேதி. அவ்வளவுதான் சார். கீழ கையெழுத்து."

தாளில் 'காய்ச்சல் காரணமாக' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"இவளுக்குக் காய்ச்சல் இல்லையே."

"எல்லாருக்கும் அதே தாள்தான் சார். பல்லு வலியா இருந்தாலும் அதுதான், பாட்டி சாவா இருந்தாலும் அதுதான். வேலை சுருக்கம்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. இந்தத் தாள்ல கொடுத்தா மருத்துவ விடுப்பு. வருகைக் கணக்குல வெட்டு விழாது. முழு வருகைச் சான்றிதழ் அப்படியே கிடைக்கும். உங்க வீட்டுக்கு அது முக்கியம்னு மிஸ் சொன்னாங்க."

எட்டாவது ஆணி நினைவுக்கு வந்தது. மறைக்கப் போவதில்லை, பேனாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அவர் மேசையில் அது விரித்துக் கிடந்தது. விடுப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் மேலே ஒரு 'காய்ச்சல்'. அதன் கீழே வரிக்கு வரி 'மேற்படி', 'மேற்படி', பக்கம் முடியும் வரை. அடுத்த பக்கமும் அப்படியே.

"மருத்துவமனையில இன்னும் ரெண்டு குழந்தைங்க இருக்காங்களே. அவங்க?"

"அவங்களும் மேற்படிதான்."

பேனாவை மூடினேன். அப்போது தலைமையாசிரியை உள்ளே வந்தார். மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஐயா, உங்ககிட்ட ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? அந்தப் பதிவேட்டுல வெப்பம்னு ஒரே ஒரு வரி விழுந்தாப் போதும், மேல்மாடியைப் பூட்டணும். விதி அப்படி. மேல தொண்ணூறு பிள்ளைங்க இருக்காங்க. நான் எங்க உட்கார வைப்பேன்?"

"கீழ கூடம் இருக்கே."

"அது நிர்வாகத்தோடது."

"கோப்பைங்க குளிர்ச்சியா இருக்கணும், குழந்தைங்க வேகணும்."

"நீங்க அப்படிப் பேசக் கூடாது ஐயா."

"எங்க குடும்பத்துல பொய்யான தாள்ல யாரும் கையெழுத்துப் போட்டதில்லம்மா. இனியும் போட மாட்டோம்."

இதைக் கேட்டு எழுத்தர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. "சார், என்னை அடையாளம் தெரியல இல்ல? எங்கப்பா உலைக்கூடத்துல இருந்தாரு. மூணாம் உலை. எல்லாரும் நெட்டையன்னு கூப்பிடுவாங்க."

அப்போதுதான் அந்த முகம் எங்கே பார்த்தது என்று விளங்கியது.

"அவர் உலைக்கு முன்னாடி மயங்கி விழுந்தாரே, நாலு பேர் தூக்கிட்டு உங்க சன்னல் வழியாத்தானே போனாங்க. அன்னிக்குக் காரணம்ங்கிற கட்டத்துல நீங்க என்ன எழுதினீங்க? கையெழுத்து இருக்கு சார், உங்களுது."

தலைமையாசிரியை அவரை அடக்கினார். நான் வெளியே வந்தேன். என் முதுகு நேராகத்தான் இருந்தது. அது மட்டும்தான் நேராக இருந்தது.

நான் எழுதியது 'சொந்தக் காரணம்'.

உலைக்கூடத்துக்கு விபத்தில்லா மாதம் என்று ஒரு கேடயம் உண்டு. சூட்டில் விழுந்தான் என்று எழுதினால் கேடயம் போய்விடும். யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. மேலாளர் "பார்த்து எழுதுங்க" என்றார். பார்த்து எழுதினேன். அந்த ஒரு முறை மட்டும் இல்லை. நெட்டையன் எத்தனை தடவை விழுந்தார், மற்றவர்கள் எத்தனை தடவை என்று எனக்குத் தேதியோடு தெரியும். கடிகாரத்துக்கு மறதி கிடையாது.

வீட்டில் தம்பி பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பதறினான்.

"அண்ணே, கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கலாமே. காய்ச்சல்னு எழுதினா யாருக்கு என்ன குறைஞ்சிடும்? பேரை அடிச்சுட்டா வேற பள்ளிக்கூடத்துக்கு நான் எங்க போவேன்?"

"பொய்ன்னு தெரிஞ்சு போடச் சொல்றியா?"

"மானம் பார்க்கிற நேரமா அண்ணே இது?"

தம்பி மனைவி மகளுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். இந்த வீட்டுக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு இவ போக மாட்டேன்னு சொன்னா. நானும் சொன்னேன். நீங்க இவ முகத்தைப் பார்க்கல மாமா. சுவரைப் பார்த்தீங்க."

தம்பி, "ஏய்," என்றான்.

"இருக்கட்டும்டா," என்றேன். "அவ சொல்றது சரி."

"மானம்னா என்னன்னு எனக்குத் தெரியாது," என்று அவள் தொடர்ந்தாள். "ஆனா அந்தத் தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கே இவ திரும்ப அந்தத் தகரத்துக்குக் கீழதான் உட்காரணும். காய்ச்சல் சரியாயிடுச்சுல்ல, வாம்மான்னு கூப்பிடுவாங்க. அப்புறம் எந்தச் சான்றிதழை மாட்டுவீங்க?"

ஊசி கரண்டியைத் தள்ளிவிட்டு, "அம்மா, அவர் பாவம்," என்றாள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் என்னை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

அன்று மாலையே எழுதினேன். ஒரே பத்தி. இன்ன வகுப்பு மாணவி, வகுப்பறையின் வெப்பத்தால் மயங்கி விழுந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். மருத்துவர் சீட்டு இணைத்துள்ளேன். அந்த அறையை மாற்றும் வரை மேல்மாடிக்கு அவளை அனுப்ப மாட்டேன். காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் படித்துவிட்டு இரண்டு விரலால் திருப்பித் தந்தார்.

"இந்த வடிவத்துல வாங்க முடியாது சார்."

"'பெறப்பட்டது'ன்னு முத்திரை போட்டுக் கொடுங்க. போதும்."

"முத்திரை போட்டா வாங்கினதா ஆயிடும். வாங்கினா எழுதணும்."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

"முடியாது சார்."

வீட்டுக்கு வந்தேன். முக்காலி ஒன்றை எடுத்தேன். பரணிலிருந்து, ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் கொடுத்த புதுப் பதிவேட்டை இறக்கினேன். இருநூறு பக்கம், கெட்டி அட்டை, ஒரு எழுத்துக்கூட விழாதது. அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன்: தேதி, பெயர், வகுப்பு, என்ன நடந்தது, காரணம். பள்ளி வாசலுக்கு வெளியே, தெருவின் பக்கம், நடைபாதையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அது பள்ளியின் இடமில்லை. முப்பத்திரண்டு வருடம் ஒரு வாசலில் உட்கார்ந்து எழுதியவனுக்கு இன்னொரு வாசலில் உட்கார யார் சொல்லித்தர வேண்டும்?

முதல் வரியை எழுதிய பிறகே மற்றவர்களுக்குத் தாளைத் திருப்பினேன். அந்த வரி என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது வரி ஊசியுடையது. என்ன நடந்தது: மயக்கம், நான்கு நாள் மருத்துவமனை. காரணம்: வகுப்பறை வெப்பம், பெரியப்பாவின் பிடிவாதம்.

இரு சக்கர வண்டி மெக்கானிக் ஒருவர் தன் இரட்டைப் பையன்களை இறக்கிவிட வந்தார். "என்ன கடிகாரம், வாசல்ல கடை போட்டுட்டீங்க? என்ன விக்கிறீங்க?"

"காத்து விக்கிறேன். மேல்மாடியில இல்லையாம்."

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை நிறுத்தினார். பதிவேட்டை எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எங்க ரெண்டு பேருக்கும் மூக்குல ரத்தம் வந்துச்சு சார். போன வாரம். சண்டை போட்டிருப்பானுங்கன்னு நினைச்சு நானும் ரெண்டு போட்டேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல. மத்தியானம்." கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "எழுதுங்க. நான் அடிச்சதையும் எழுதுங்க."

தையல்காரப் பெண்மணி வந்தார். அவர் மகளுக்கு வாந்தி, இரண்டு தடவை. தபால்காரரின் பையனுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. காற்றில்லாத அறையில் அது கூடிவிட்டது, இப்போது பையில் மருந்துக் குழல் இல்லாமல் வருவதில்லை. ஒரு தாய் தன் மகள் பள்ளி விட்டு வந்ததும் குளியலறைத் தரையில் படுத்துக்கொள்கிறாள் என்று சொன்னார். சோம்பல் என்று நினைத்துத் திட்டியதாகச் சொல்லி அழுதார். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்று எண்ணியிருந்தார்கள். என் பதிவேட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தபோதுதான் அது தெருவில் நடந்ததாயிற்று. ஒரு வரியில்கூட நான் 'மேற்படி' போடவில்லை. கை வலித்தாலும் முழுதாக எழுதினேன்.

இரண்டாம் நாள் தலைமையாசிரியை வாசலுக்கு வந்தார். "ஐயா, வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க. உங்க வயசுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா எழுதறதுக்குக் கட்டம் இருக்கும்மா."

"நாளையோட பத்து நாள். கடிதம் இல்லாட்டி பேரை எடுக்கச் சொல்லி நிர்வாகம் சொல்லிட்டாங்க. எனக்கும் மனசு கேக்கல."

"கடிதம் இருக்கு. வாங்கத்தான் ஆள் இல்ல," என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன்.

அவர் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே மூன்று பக்கம் படித்தார். முதல் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள், அதாவது பத்தாம் நாள், நான் கிளம்பும்போது ஊசி சீருடையோடு நின்றாள். பையும் தோளில் இருந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"பள்ளிக்கூடத்துக்கு. நான் வந்தா பேரை அடிக்க முடியாதுல்ல?"

"மேல அனுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"மேல யார் போறா?" என்றாள். அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் இரண்டு புட்டித் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாள். இருவரும் பேசி வைத்த காரியம் என்று தெரிந்தது. அனுமதி கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. மூவரும் சேர்ந்தே நடந்தோம். இந்தத் தடவை கையைப் பிடித்ததும் சூடு பார்த்தேன்.

ஊசி வாசலைத் தாண்டினாள், முற்றத்தைக் கடந்தாள், மாடிப்படியின் கீழ்ப் படியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வெளியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் படியேற வந்தார்கள்.

"ஏய் ஊசி, வழி விடு," என்றான் ஒருவன்.

"வழி இருக்கு, போ. நான் வரல."

"ஏன்?"

"மேல போனா வேகும். நான் என்ன முட்டையா?"

அவளோடு தண்ணீர் குடிக்காமல் இருக்க முடிவு செய்திருந்த மூன்று பெண்களும் முதலில் உட்கார்ந்தார்கள். பிறகு மெக்கானிக்கின் இரட்டையர். பிறகு யார் யார் என்று எழுத முடியாத அளவுக்கு ஆகிவிட்டது. படிகள் நிறைந்து, கூடத்தின் பூட்டிய கதவு வரை உட்கார்ந்தார்கள். ஊசி இரண்டாவது புட்டியைத் திறந்து, குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். அது வரிசையில் கைமாறிப் போயிற்று.

வகுப்பு ஆசிரியை மேலேயிருந்து இறங்கி வந்தார். அவளைத் தோளில் சுமந்து ஓடியவர் அவர்தான். கூட்டத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வருகைப் புத்தகத்தை விரித்து அங்கேயே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "உள்ளேன் மிஸ்" என்ற குரல்கள் தெரு வரை கேட்டன. ஊசியின் குரல் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

எழுத்தர் அலுவலக அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தார். பிள்ளைகளிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

"எல்லாம் உங்க வேலை சார். குழந்தைங்களைத் தூண்டிவிட்டு வேடிக்கை பார்க்கறீங்க. பெரிய உண்மை விளம்பி! அன்னிக்கு எங்கப்பாவுக்கு மட்டும்..."

நான் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன் நீட்டினேன்.

முதல் வரியில் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி இருந்தது. பெயர்: நெட்டையன், அதன் பக்கத்தில் அவருடைய முழுப் பெயர், தந்தை பெயரோடு. பிரிவு: மூன்றாம் உலை. என்ன நடந்தது: பகல் இரண்டு பத்துக்கு மயங்கி விழுந்தார், நால்வர் தூக்கிச் சென்றனர். காரணம்: உலையின் வெப்பம். அதன் கீழே: 'சொந்தக் காரணம் என்று அன்று நான் எழுதியது பொய்.' என் கையெழுத்து, முழுதாக.

அவர் படித்தார். சாவிக்கொத்தைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. ரத்தம் சுத்தம் பண்ணணும். சிறுநீரகம் போயிடுச்சு." பதிவேட்டைப் பார்த்தபடியே, "நஷ்ட ஈடு கேக்கப் போனோம். பதிவேட்டுல சொந்தக் காரணம்னு இருக்கேன்னுட்டாங்க," என்றார்.

"இதை எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க. நானும் வந்து நிப்பேன். என் பேர் கெட்டா கெடட்டும்."

இதைச் சொல்லும்போது நான் அழுதேன் என்று தெருவில் ஒரு கதை இருக்கிறது. அதெல்லாம் இல்லை.

அவர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். ஊசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அலுவலக அறைக்குப் போனார். முத்திரை விழும் சத்தம் முற்றத்தைத் தாண்டிக் கேட்டது. கொஞ்சம் பலமாகவே குத்தினார் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து பதிவேட்டில் எழுதினார். எழுதி முடித்து, அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமையாசிரியையின் மேசையில் விரித்து வைத்தார். நான் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

தலைமையாசிரியை வெளியே வந்தபோது அவர் கையில் சாவி இருந்தது. "மறு உத்தரவு வரைக்கும் மட்டும்," என்றார், யாரைப் பார்த்தும் சொல்லாமல். கூடத்தின் கதவு திறக்க இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து பழைய காற்று வந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் தரையில் கால் வைத்து, "ஐயோ, ஜில்லுன்னு இருக்கு!" என்று கத்தினார்கள். கோப்பைகளைச் சுவரோரமாக ஒதுக்க ஆசிரியை இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டார். இருபது பேர் ஓடினார்கள்.

நிர்வாகக் குழு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது. கூடத்தைத் திரும்பக் கேட்டு இரண்டு கடிதம் வந்துவிட்டது. ஒவ்வொரு கடிதத்துக்கும் பெற்றோர் அறுபது பேர் கையெழுத்தோடு பதில் போகிறது. ஊசிக்கு மாதம் ஒரு தடவை ரத்தச் சோதனை; போன மாதம் மருத்துவர் முதல் தடவையாகச் சிரித்தார். நெட்டையனைப் போய்ப் பார்த்தேன். என்னை உட்காரச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்தேன்.

முழு வருகைச் சான்றிதழ் இந்த வருடம் ஊசிக்கு இல்லை. வெப்பம் என்று எழுதினால் மருத்துவ விடுப்பாகாதாம். விழுந்த நாளும் இடையில் வந்த ஞாயிறும் சேர்த்து வருகைக் கணக்கில் ஒன்பது நாள் வெட்டு. எட்டாவது ஆணியில் கடிதத்தின் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். 'பெறப்பட்டது' என்ற ஊதா முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மற்ற ஏழு சட்டங்களையும் விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதல் சட்டத்தை நான் கழற்றவில்லை. ஆனால் அதன் கீழே உண்மையைச் சின்ன எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்டுப் படிக்கலாம்.

அடுத்த வருடம் இதைவிடச் சுடும் என்கிறார்கள். சுடட்டும். முக்காலி வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பதிவேட்டில் இன்னும் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பக்கம் காலி.